பதினோரு தட்டும் பன்னிரண்டு முடிச்சும்

விடுதியில் இப்போது சமையல் வேலை பார்க்கிற சரசு போன வாரம் என்னைத் தேடி வந்தாள். பழைய சமையற்கட்டை இடிக்கப் போகிறார்களாம். சுவரில் ஒரே நூல் பிடித்த மாதிரி பதினோரு ஆணி இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இரண்டு ஆணி கோணல்மாணலாக இருக்கிறதே, அது எந்தக் கொத்தன் அடித்தது என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஊருக்குப் போன மலைப் பையன்கள் நாலு பேர் இன்னும் திரும்பி வரவில்லை, உங்கள் காலத்தில் என்ன செய்தீர்கள் என்றும் கேட்டாள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதைச் சொல்ல எனக்கு ஒரு வேளை போதாது. அதனால்தான் எழுதச் சொன்னேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி மல்லிகா எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத்துக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளட்டும். மற்றவர்கள் பேசினதை மட்டும் ஒரு சொல்கூட மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொன்னதைத் திருத்த நாம் யார்.

எருமப்பட்டிப் பக்கம் எந்தக் கல்யாணமென்றாலும் அந்தக் காலத்தில் சாம்பாருக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் சாம்பாரைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், ஒரு மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னாலேயே பந்தியில் உட்கார்ந்துவிட்டான். அப்படி ஒரு கல்யாணத்தில் சாப்பிட்ட வார்டன் சார்தான் விடுதி வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். கொல்லிமலைப் பிள்ளைகள் கீழே இறங்கி வந்து உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்காகச் சர்க்கார் திறந்த விடுதி அது. மலைக்கு ரோடு போடாத காலம். ஒற்றையடிப் பாதையில்தான் ஏறி இறங்க வேண்டும்.

வேலை கற்றுக்கொண்டது ஒரு வாரம். கல்யாணத்துக்கு ஆக்குகிற கை, பத்துப் பேருக்கு ஆக்கச் சொன்னால் தடுமாறும். முதல் நாள் வைத்த ரசத்தில் குளிக்கலாம் போல இருந்தது. பிறகு கை அடங்கிவிட்டது.

வார்டன் சார் பெயர் சவரிமுத்து. சேலம் டவுன்காரர், வேதக்காரர். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடுவார். வெயிலோ மழையோ கையில் மடக்கின குடை இருக்கும், அதை அவர் விரித்து நான் பார்த்தது கிடையாது. எட்டாம் வகுப்புப் பையனைக்கூட ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார். விடியற்காலையில், “தம்பி, எந்திரிங்க, சூரியன் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்குது” என்பார். பையன்கள் போர்வைக்குள் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், மலைப் பையன்களின் குடுமியை எடுத்துவிட்டு வரச் சொல்லி ஆளனுப்பினார். நாவிதரும் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பையன்கள் கிணற்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். சார் நாவிதரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தன் தலைமுடியை வெட்டிக்கொண்டார். அனுப்பிவிட்டார். மறுநாள் அந்த வாத்தியாரிடம் போய், தலைக்குள்ளே இருக்கிறதை நீங்கள் பாருங்கள், வெளியே இருக்கிறதை அவர்கள் அம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னதாகக் கேள்வி.

ஆள் எண்ணுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பதினோரு பையன்கள், பதினோரு அலுமினியத் தட்டு, சமையற்கட்டுச் சுவரில் பதினோரு ஆணி. நூல் பிடித்து அளந்து அடித்த ஆணிகள். தட்டின் விளிம்பில் எண் குத்தியிருக்கும். சாப்பிட்டதும் அவரவர் தட்டைக் கழுவி அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். காலையில் கஞ்சி ஊற்றுகிற நேரத்துக்குச் சார் வந்து குடை நுனியால் ஆணிகளை எண்ணுவார். ஆணி வெறுமையாக இருந்தால் பையன் சாப்பிடுகிறான். தட்டு தொங்கினால் ஆளைக் காணோம். காணாத ஆளுக்கு ரிஜிஸ்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். மையால் எழுத மாட்டார். ஏன் சார் என்று கேட்டேன். மலையேறிப் போனவன் பாதி வழியில் மனசு மாறித் திரும்பி வந்தால் மையை அழிக்க முடியாது பாவாயம்மா என்றார்.

அப்படிப் போகிறவர்கள் அடிக்கடி போனார்கள். பதினைந்து நாள் சேர்ந்தாற்போல வராவிட்டால் பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் விடுதியும் போச்சு. சாருக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் வந்தவர்களில் பாதிக்கு மேல் அப்படிப் போனவர்கள்தான். படிப்பு கசந்து போனவன் ஒருத்தனும் இல்லை. மேலே என்ன நடக்கிறதோ, என்ன நாளோ, மாடு கன்று போட்டதோ என்று நினைப்பு வந்துவிடும். அவ்வளவுதான், கால் நிற்காது.

அரப்பளி என்று ஒரு பையன். முதல் தட்டு அவனுடையது. பதினோராம் வகுப்பு, பரீட்சை எழுதப் போகிறவன். அவன் எழுதிவிட்டால் அவர்கள் ஊரிலிருந்து அந்தப் பரீட்சை எழுதின முதல் ஆள் அவன்தான். மற்றப் பத்துப் பேரும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் எதுவும் செய்வார்கள். அவன் இருந்தால் இருப்பார்கள், போனால் போவார்கள்.

இனி நான் செய்த கூத்தைச் சொல்கிறேன்.

ஐப்பசி மாதம். என் அண்ணன் மலையடிவாரத்து மானாவாரிக் காட்டில் சாமை போட்டிருந்தார். புதுக் கதிர் அடித்து, ஒரு மூட்டை எனக்குக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நெல்லுச்சோறு தின்று தின்று சலித்த பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர்ச் சோறு போடலாமே. உரலில் போட்டு நானே குத்தினேன், புடைத்தேன், கல் பொறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்துக் கூப்பிட்டேன்.

பையன்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குனிந்த தலை நிமிரவில்லை. அரப்பளி இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டு, வாயில் சோற்றோடு கேட்டான்.

“பாவாயக்கா, இது போன வருசத்துச் சாமைதானுங்களே?”

“போன வருசத்ததா? முந்தாநேத்து அடிச்ச கதிரு சாமி. புத்தம் புதுசு.”

அவன் கை அப்படியே நின்றது. வாயில் இருந்ததைத் தட்டில் துப்பினான். மற்றப் பத்துப் பேரும் கையை எடுத்துவிட்டார்கள். எழுந்தார்கள், தட்டைக் கழுவினார்கள், மாட்டினார்கள். நான் கல் இருக்கிறதோ என்று பானைச் சோற்றை எடுத்து மென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அருமையாக இருந்தது. சங்கடத்தில் நானே நாலு வாய் தின்றுவிட்டேன்.

மறுநாள் காலையில் பதினோரு ஆணியிலும் பதினோரு தட்டு.

விறகு கொண்டு வருகிற மலைக்காரம்மா வழியில் அவர்களைப் பார்த்திருந்தாள். சாரும் வந்து நின்றார். அவள்தான் எங்களுக்கு விவரம் சொன்னாள். அவர்கள் ஊரில் புதுத் தானியத்தை நினைத்த நாளில் தின்ன மாட்டார்கள். ஊர்க்கவுண்டர் நாள் பார்த்துச் சொல்வார். அன்றைக்குச் சாமிக்குப் படைத்துவிட்டு, வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து தின்பார்கள். அதற்கு ‘புதுசு’ என்று பெயர். அதற்கு முன்னால் யாராவது தின்றுவிட்டால், புதுசு நாள் வரைக்கும் அவன் வீட்டு நிலைப்படி தாண்டக் கூடாது, ஊர் எல்லைக்கு வெளியே ஒதுங்கியிருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லையே என்று பையன்கள் சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் அப்படி வளர்ந்த பிள்ளைகள் இல்லை. தப்பைச் சொல்லப் போய்விட்டார்கள்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். சார் கேட்டார்.

“புதுசுன்னு தெரிஞ்சதுக்கு அப்பறம் யாராவது ஒரு வாய் சாப்பிட்டாங்களா?”

“இல்லீங்க சார். வாயில இருந்ததையே துப்பீட்டாங்க. மிச்சத்த நாந்தான் தின்னேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவக்காலம் நாற்பது நாளும் தன் வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள் என்றும், தெரியாமல் யாராவது கொடுத்திருந்தால் தன் அம்மா இதே மாதிரிதான் துப்பியிருப்பாள் என்றும் சொன்னார். பதினோரு பென்சில் புள்ளி வைத்தார். நாளைக்கு மலையேறலாம், நீங்களும் வாங்க என்றார்.

அந்த ஏற்றத்தைத் தனியாகவே எழுதலாம். டவுனில் சைக்கிளில் போகிற மனுஷன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தரம் மரத்தைப் பார்க்கிற மாதிரி நின்று மூச்சு வாங்கினார். இது என்ன மரம் பாவாயம்மா என்று கேட்பார். ஒரே மரத்தை மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் நான் வேறு வேறு பெயர் சொன்னேன். எனக்கும் தெரியாது.

மேலே ஊருக்குக் கொஞ்சம் முன்னால் சாமைக் காடு. நடுவில் ஒரு காவல் குடிசை, பையன்கள் ஒதுங்கியிருந்தது அதில்தான். அங்கிருந்து கத்தல் கேட்டது. அரப்பளி ஒரு பாறைமேல் நின்றுகொண்டு வாய்ப்பாடு சொல்ல, மற்றவர்கள் நாலு மூலையில் நின்று அதையே திருப்பிக் கத்துகிறார்கள். கிளி விரட்டுகிறார்களாம். சும்மா ‘ஓய்’ என்று கத்துவதற்கு வாய்ப்பாட்டைக் கத்தலாம் என்று அவன் யோசனை. ஒரு பொடியன், “பதினேழு எட்டு நூத்தி இருவத்தாறு” என்று கத்தினான். சார் கீழிருந்தே, மூச்சு வாங்கினபடியே, “நூத்தி முப்பத்தாறு” என்று கத்தினார். கிளியெல்லாம் பறந்தது. பையன்கள் ஓடி வந்து எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது.

சரியாகவில்லை. அரப்பளியின் அம்மா வந்தாள். என் வயசுதான் இருக்கும். எட்டியே நின்றாள். மகன் குடிசைக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

“சோறு போடறேன்னு நீங்க கூட்டீட்டுப் போனீங்க. இப்ப எம் புள்ள எங்கூட்டு நெலப்படி தாண்ட முடியாம காட்டுல கெடக்கறான். படிச்ச வரைக்கும் போதும்.”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தப்பு என்னுடையது, பிள்ளைகளுடையது இல்லை என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரப்பளி காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். இடுப்பில் புத்தகத்தைச் செருகியிருந்தான்.

ஊர்க்கவுண்டர் ஒரு கல்மேல் உட்கார்ந்து கற்றாழை நாரில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பழுத்த வயசு. அவருக்கு எல்லோரும் ‘நீ’தான். சாரைப் பார்த்து, “நீதான் எழுதறவனா?” என்றார். சார், ஆமாங்க என்று கைகட்டி நின்றார். என்னைப் பார்த்து, “நீதான் ஆக்குறவளா?” என்றார். நானும் ஆமாங்க என்றேன். எங்கள் சார் கைகட்டி நின்று நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

“நீ ஆக்கிப் போட்டது தப்பில்ல. கேக்காம ஆக்கிப் போட்டதுதான் தப்பு. எங்க புள்ளைங்க உங்கூட்டுக்கு வந்து இத்தன நாளாச்சு. மேல என்ன நாளுன்னு ஒரு தரம் கேட்டிருப்பியா?”

நாங்கள் ஒரு தரமும் கேட்டதே இல்லை.

சார் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். பதினைந்து நாள் கணக்கு, பெயர் அடிப்பது, அரப்பளியின் பரீட்சை. புதுசு என்றைக்கு என்று கேட்டார். அமாவாசை கழிந்துதான், இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் என்றார் கவுண்டர். அதற்கப்புறம் விருந்து இரண்டு நாள். சார் விரலை மடக்கிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. ஏற்கெனவே போன இரண்டு நாளையும் சேர்த்தால் பதினைந்தைத் தாண்டுகிறது.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. யோசித்துச் சொன்னேன் என்று பெருமையடிக்க மாட்டேன், வாய் சும்மா இருக்காமல் வந்துவிட்டது.

“ஏனுங்க சாமி, எல்லைக்கு வெளிய ஒதுங்கி இருக்கோணும், அவ்வளவுதானுங்களே? எங்க விடுதியும் எல்லைக்கு வெளியதானுங்களே இருக்குது?”

கவுண்டர் நாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பல்லே இல்லை. “காவக் குடிசைய மலைக்குக் கீழ வெச்சுட்டா” என்றார். ஊர் மொத்தமும் சிரித்தது. அரப்பளியின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கீழே போய் மறுபடியும் எதையாவது தின்று வைத்தால் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவர்கள் தின்னாததை இனி நானும் தின்னமாட்டேன், புதுசு வரைக்கும் நானும் ஒதுங்கினவள்தான், நானும் நாலு வாய் தின்றிருக்கிறேன் என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “புதுசு முடியட்டும். பொறவு பாக்கலாம்” என்றாள். அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

இதற்குள் கவுண்டர் திரித்த கயிற்றில் முடிச்சுப் போட ஆரம்பித்திருந்தார். ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு. சார் ரிஜிஸ்டரைத் திறந்து தேதி எழுதப் போனார். கவுண்டர் கயிற்றை அவரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

“எழுதறவன் எழுதிக்கட்டும். நீ இத வெச்சுக்க. நாளுக்கு ஒண்ணு அவுத்து விடு.”

எங்கள் வீட்டில் சினை எருமைக்கு நாள் எண்ண நான் முந்தானையில் இப்படித்தான் முடிச்சுப் போடுவேன். அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் எழுத்துத் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம். படித்த மனுஷன் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

அன்றைக்கே பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கினோம். கயிற்றைத் தட்டுகளுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். கடைசித் தட்டுக்காரப் பொடியனிலிருந்து ஆரம்பித்து, நாளுக்கு ஒரு பையன் ஒரு முடிச்சை அவிழ்ப்பான். அதற்கு நடக்கிற அமர்க்களத்தைப் பார்க்க வேண்டும். நான் எழுப்ப வேண்டியதே இல்லை. முறைக்காரன் எனக்கு முன்னால் எழுந்து சமையற்கட்டு வாசலில் நிற்பான். நகத்தால் அவிழாவிட்டால் பல்லால் அவிழ்ப்பான். ஊருக்குப் போகிற நினைப்பில் உம்மென்று இருக்கிறவனைக் காணோம். போகிற நாள் கண்ணுக்கு முன்னால் தொங்குகிறதே. அண்ணன் கொடுத்த மூட்டையை வாய் கட்டி அவரிடமே திருப்பி அனுப்பிவிட்டேன். அவருக்குக் கோபம். என் கையால் குத்தின சாமை உனக்கு ஆகாதா என்றார். குத்தினது நான்தான் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

சனிக்கிழமை அரப்பளி பதினோராவது முடிச்சை அவிழ்த்தான். ஒன்று மிச்சம் இருந்தது. அது உங்களுக்குத்தான் அக்கா என்றான். பள்ளிக்கூடம் அரை நாள் விட்டதும் அவர்களோடு நானும் ஏறினேன். சார் பூசைக்குச் சேலம் போய்விட்டார். தலைமையாசிரியரிடம் திங்களும் செவ்வாயும் லீவு கேட்டு வாங்கி வைத்துவிட்டுத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, பானை பொங்கி, சாமிக்குப் படைத்ததும், கவுண்டர் என்னைக் கூப்பிட்டு அந்த முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். அப்புறம்தான் பையன்கள் நிலைப்படி தாண்டினார்கள். அரப்பளியின் அம்மா அவனுக்கு ஒரு பிடி கொடுத்தாள். அடுத்த பிடியை என் கையில் வைத்து, “இப்பத் தின்னு” என்றாள். அண்ணன் காட்டுச் சாமைக்கும் இதற்கும் ருசியில் எள்ளளவு வித்தியாசம் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் ஒருத்தன் தட்டிலும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை நான் மட்டும் இறங்கி வந்தேன். புறப்படும்போது அவளிடம், பிள்ளையை அனுப்புவீங்களா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஒரு பிடி சோறு தின்றுவிட்டு அதற்குக் கூலி கேட்கிற மாதிரி இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை. பதினோரு பேருக்குக் கஞ்சி வைத்தேன். சார் குடையோடு வந்து நின்றார். பதினோரு ஆணியிலும் தட்டு. அவர் ரிஜிஸ்டரைத் திறக்கவே இல்லை. வாசலுக்குப் போவார், வருவார். கஞ்சி ஆறிப் போச்சே என்று நான் மறுபடியும் அடுப்பில் ஏற்றினேன். பள்ளிக்கூட முதல் மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வேலிக்கு அப்பாலிருந்து வாய்ப்பாடு கேட்டது. பதினேழாம் வாய்ப்பாடு.

வரிசையாக வந்தார்கள். முன்னால் அரப்பளி, தோளில் ஒரு புதுக் கயிறு, அடுத்த பண்டிகை வரைக்கும் முடிச்சுப் போட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னவன். அவன் தம்பி. அவர்கள் அம்மா இவனையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். இவனோடு பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தனும் வந்திருந்தான். தம்பி நேராக என்னிடம் வந்து, மனப்பாடம் பண்ணினதை ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

“எங்கம்மா சொல்லச் சொல்லுச்சு. கயித்தப் பாத்து ஆக்கிப் போடுவீங்களாம். ஒருத்தனத் தனியா உடாம, புள்ளைங்கள ரெண்டு ரெண்டு பேரா வெச்சுக்குவீங்களாம்.”

பதினோரு தட்டும் இறங்கியது. ஆணி வெறுமையாச்சு. இந்த இரண்டு பேருக்கும் தட்டு இல்லை. பானை மூடியில் ஒருத்தனுக்கும், குழம்புச் சட்டி மூடியில் ஒருத்தனுக்கும் கஞ்சி ஊற்றினேன். சார் அதைப் பார்த்தார். போனார், எங்கிருந்தோ இரண்டு ஆணியும் ஒரு கல்லும் கொண்டு வந்தார். நூல் பிடிக்கவில்லை, அளக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கண்ணாடி இல்லாமலேயே சுவரில் அடித்தார். ஒன்று மேலே போனது, ஒன்று கீழே போனது. கோணலா இருக்குதுங்க சார் என்றேன்.

“இருக்கட்டுங்க பாவாயம்மா” என்றார்.